மைமூன் கேட்ட உப்பு

போன மாதம் பக்கத்து வீட்டு கோமதியம்மாள் கையில் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு என் வாசலில் வந்து நின்றார். சில நாட்களாகத் தலை கிறுகிறுப்பு, வாய் குழறல். பரிசோதனையில் சோடியம் குறைவு என்று வந்திருந்தது. தெரு முனையில் புதிதாக கிளினிக் போட்டிருக்கும் இளம் டாக்டர், "உடம்புல உப்புக் கம்மியாப் போச்சும்மா. ஊறுகா, அப்பளம், கருவாடு எல்லாம் தாராளமாச் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

கோமதியம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அதற்காக அவர் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்று, சிறுநீரோடு உப்பை வெளியே தள்ளுகிற ஜாதி. போதாததற்கு, தண்ணீர் குடித்தால் ரத்தம் சுத்தமாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, நாள் முழுக்கச் சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் இந்த இரண்டில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சீட்டைப் பார்த்தார், ஊறுகாய் சாப்பிடச் சொன்னார். ரத்தக் கொதிப்புக்காரிக்குக் கருவாடு!

நானும் ஒரு காலத்தில் டாக்டர்தான். கைத்தடியை எடுத்துக்கொண்டு நானே கிளினிக்குக்குப் போனேன். மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்களா, தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்களா என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நல்ல மனிதர். கோமதியம்மாளை உடனே ஆள் அனுப்பி வரவழைத்து, மாத்திரையை மாற்றினார், தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க காலத்துல இந்த டெஸ்டே கிடையாதே, மேடம். உப்புக் குறைஞ்சதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இதை எழுதுங்க மேடம்" என்றார். எழுதுகிறேன். இத்தனை வருஷத்திலும் கோபம் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரசம் சப்பென்று இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். உப்பைக் குறைத்துப் போட்டிருப்போம். அல்லது போட்ட உப்பு சரி, தண்ணீரைக் கூடுதலாக விட்டிருப்போம். ரத்தத்தில் சோடியம் குறைவதும் இப்படித்தான். உப்பு வெளியே போயிருக்கலாம், அல்லது தண்ணீர் உள்ளே தங்கியிருக்கலாம். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம். குறைந்ததை அவசரமாக ஏற்றினாலும் மூளைக்குக் கேடு என்பது இன்று டாக்டர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆக, சீட்டில் இருப்பது நோயின் பெயர் இல்லை. ஏன் குறைந்தது என்று கேட்கத் தொடங்க வேண்டிய இடம் அது, அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்காதவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதைக் கற்றுக்கொண்டது மதராஸில் படித்த காலத்தில். அப்பா பழனி அடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைத்ததற்காகச் சொந்தக்காரர்கள் அவரைப் பேசாத பேச்சில்லை. அந்தப் படிப்புக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளிக்குக் குடலிறக்க அறுவை முடிந்து, தொடர்ந்து குளுக்கோஸ் தண்ணீர் மட்டுமே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் பிதற்ற ஆரம்பித்தார். கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்த்தார். வார்டில் எல்லாரும் "சாராயம் கிடைக்காத கிறுக்கு" என்று கட்டிப் போட்டார்கள். வலிப்பு வந்த பிறகுதான் ஒரு ஆசிரியர் தொங்கிய பாட்டிலைப் பார்த்து, "இந்த ஆளை உள்ளுக்குள்ளேயே மூழ்கடித்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று கத்தினார். அந்தத் தொழிலாளி வாழ்க்கையில் சாராயத்தைத் தொட்டதே இல்லை என்று பின்னால் அவர் மனைவி சொன்னாள். அவளிடம் அதற்கு முன்னால் யாரும் கேட்கவில்லை.

படிப்பு முடிந்ததும் கொடைக்கானலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஐம்பதுகளின் கடைசி. பெயர் சொல்லப் போவதில்லை. தலைமை டாக்டரின் பெயரையும் சொல்லப் போவதில்லை. எல்லாரும் அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்லுவோம்.

அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கைக்கு நான் இன்றும் மரியாதை கொடுப்பேன். மலைப் பாதையில் உருண்ட லாரியிலிருந்து தூக்கி வந்த டிரைவரின் கிழிந்த குடலை, கரண்ட் போன அறையில் ஜன்னல் வெளிச்சத்திலேயே தைத்து எழுப்பியவர். சீமையில் படித்தவர். கம்பளிக் கோட்டும் பளபளக்கும் காலணியும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால் வெந்நீரில் கை கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். அவர் வரும்போது நோயாளிகள் படுத்திருக்க வேண்டும், கைகள் போர்வைக்கு மேலே இருக்க வேண்டும். கட்டிலின் இரும்புக் காலைப் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டுவார். நோயாளி நாக்கை நீட்ட வேண்டும். நோயாளியைப் பற்றி நர்சிடம் கேட்பார், ஆங்கிலத்தில். நர்ஸ் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவார். நோயாளியிடம் அவர் நேராக ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. பெயரும் அவருக்குத் தேவையில்லை. நாலாம் நம்பர் கட்டில், ஒன்பதாம் நம்பர் கட்டில்.

இன்னொன்று அவருடைய உப்பில்லாச் சாப்பாடு. அவர் சீமையில் படித்த நாட்களில், காசநோய்க்காரர்களுக்கு உப்பை நிறுத்தினால் புண் ஆறும் என்று ஒரு சாரார் நம்பினார்கள். பிறகு ஊசியும் மாத்திரையும் வந்து, காசநோய் உண்மையிலேயே குணமாகத் தொடங்கிவிட்டது. ஆனால் எங்கள் பெரிய டாக்டர் உப்பை விடவில்லை, அதாவது போட விடவில்லை. காசநோய் என்று சந்தேகம் வந்தாலே உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லாமல் அவித்த காய், பால். பேத்துப்பாறையிலிருந்து வரும் கூலிக்காரர்கள் அந்தக் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு அழுவார்கள். ஊசியால் குணமாகிப் போனவர்களையும் கஞ்சியின் கணக்கில்தான் அவர் சேர்த்துக்கொள்வார். "நாக்கை அடக்கத் தெரியாதவனுக்கு நெஞ்சு ஆறாது" என்பார். அவருடைய சாப்பாட்டில் உப்பு இருந்தது.

மைமூன் அங்கே வந்தது ஆனி மாதச் சாரலில். மூஞ்சிக்கல் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த காதர் பாயின் மனைவி. முப்பது வயதுக்கு உள்ளேதான் இருக்கும். கழுத்தில் பழைய தழும்பு. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே நெறி கட்டிக் காசநோய் என்று வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கணவரும் மாமியார் ருக்கையாம்மாளும் இரண்டு பக்கமும் தாங்கிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் முடியல டாக்டரம்மா. வெள்ளனே எந்திரிச்சா கொமட்டுது. நின்னா கண்ணு இருட்டுது. நோன்பு மாசத்துல நோன்பு புடிச்சு, தொழுக விரிப்புலயே விழுந்துட்டேன். எல்லாரும் புள்ளை உண்டாயிருக்குன்னாக. அதுவும் இல்ல."

காதர் பாய் தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னார். "கடையில உப்பு மூட்டை வாசல்லயே கெடக்கும்மா. கொஞ்ச நாளா அதுல குழி விழுந்து கெடக்கு. எலி உப்பு திங்குமா? ஒரு நா பாத்தா, இவ கல்லுப்ப அள்ளி வாயில போட்டுக்கிட்டு நிக்கிறா. கேட்டா அழுவுறா. தெருவுல ஜின்னு புடிச்சிருக்குன்னு பேசுறாக."

"கலரு வேற மாறிப் போச்சு. என் வீட்டுக்கு வரும்போது எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தா" என்றார் ருக்கையாம்மாள். "மலை வெயிலுன்னு நெனச்சோம். வெளிய வராத பொம்பளைக்கு ஏது வெயிலு?"

இவ்வளவையும் எழுதி வைத்தேன். மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். மைமூனின் நாலாம் நம்பர் கட்டிலைப் பேனாவால் தட்டினார். நாக்கைப் பார்த்தார். கழுத்துத் தழும்பைப் பார்த்தார். "பழைய காசம். திரும்புகிறது. உப்பில்லா உணவு, படுக்கை, ஊசி" என்றார் ஆங்கிலத்தில். நான் உப்பு மூட்டை விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "மண் தின்கிறவர்கள் இருக்கிறார்கள், சாம்பல் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். இவள் உப்புத் தின்கிறாள். அப்படியென்றால் நம்முடைய உணவு இவளுக்கு இரண்டு மடங்கு அவசியம்."

அன்றிலிருந்து அவளுக்கு உப்பு நின்றது.

அடுத்தடுத்த நாட்களில் அவள் இறங்கிக்கொண்டே போனாள். கஞ்சியை வாயில் வைத்தால் வாந்தி. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் பார்த்தேன், குறைவு. உட்கார வைத்துப் பார்த்தேன், இன்னும் சரிந்தது. அவள் கண்கள் மேலே செருகின. இதைச் சொன்னபோது பெரிய டாக்டர், "உட்கார விருப்பமில்லாதவளை உட்கார வைத்தால் மயங்கத்தான் செய்வாள்" என்றார். "வீட்டு வேலையிலிருந்து ஓய்வு வேண்டியிருக்கிறது, கணவன் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதிரிப் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்." கேஸ் ஷீட்டில் காசம் என்று எழுதியிருந்ததற்குக் கீழே ஹிஸ்டீரியா என்று எழுதினார். அழகான கையெழுத்து.

அந்த ஒரு வார்த்தையை எத்தனை பெண்களின் கேஸ் ஷீட்டில் மற்றவர்கள் எழுதக் கண்டிருக்கிறேன்! புரியாத வலி ஆணுக்கு வந்தால் ஆராய்ச்சி, பெண்ணுக்கு வந்தால் நடிப்பு. எழுதியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

நடுவில் திடீரென்று இரண்டு நாள் மைமூன் தெளிந்தாள். தானே எழுந்து குளியலறைக்குப் போனாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் புரியவில்லை. புரிய வைத்தவர் தலைமை நர்ஸ் எஸ்தர் சிஸ்டர். ருக்கையாம்மாள் கொண்டு வந்த தூக்குச்சட்டியில், சோற்றுக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலத்தில் உப்பும், கூடவே வறுத்த கருவாடும் அகப்பட்டன. விஷயம் பெரிய டாக்டருக்குப் போனது. அவர் ருக்கையாம்மாளை வரவழைத்து, நர்ஸ் வழியாகத் திட்டினார்.

ருக்கையாம்மாள் அழவில்லை. "புள்ளை தவிக்குறத பாத்துக்கிட்டு இருக்க முடியலங்க. தண்ணி கேட்டா குடுக்க மாட்டீகளா? அவ உப்பு கேக்குறா" என்றார்.

"இனிமேல் இந்தக் கட்டிலுக்குப் பார்வையாளர்கள் கிடையாது" என்றார் அவர் ஆங்கிலத்தில். எஸ்தர் சிஸ்டர் தமிழில் சொன்னார், தூக்குச்சட்டியைத் துடைத்து ருக்கையாம்மாள் கையில் கொடுத்தார்.

நாலைந்து நாளில் மைமூன் பழையபடி சரிந்தாள். ஒரு மாலை அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறுகளிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் மை தெளித்தது போல் கருநீலத் திட்டுகள். உள்ளங்கையை விரித்தேன். ரேகைகள் கரிக்கோடுகளாக இருந்தன. வெயில் உள்ளங்கை ரேகைக்குள் போகாது, வாய்க்குள்ளும் போகாது. படித்த பாடம் ஒன்று மெல்ல எழுந்து வந்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு சுரப்பிகள். உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பது அவற்றின் வேலை. காசம் சில சமயம் அவற்றைத் தின்றுவிடும். அப்போது நோயாளி கறுத்துப் போவார், சோர்ந்து போவார், வாந்தி எடுப்பார், உப்புக்கு ஏங்குவார். தின்ற உப்பு தங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். அவர் மதுரையில் ஒரு மருத்துவக் கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். "ஒரு நாளைக்காவது உப்புக் கொடுத்துப் பார்க்கலாமா, சார்?" என்று கேட்டேன்.

அவர் கோட்டின் கடைசிப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "டாக்டர், நீங்கள் சொல்லும் நோயை நான் என் சர்வீஸில் பார்த்ததே இல்லை. நீங்கள் வந்து எத்தனை மாதமாகிறது? பெண் என்பதால் பெண்ணின் கண்ணீரை நம்புகிறீர்கள். அது வைத்தியம் இல்லை" என்றார். கார் கிளம்பிப் போனது.

அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, எஸ்தர் சிஸ்டர் ஓடி வந்தார். "வெரசா வாங்க டாக்டர், நாலாம் நம்பரு கை காலெல்லாம் ஜில்லுனு கெடக்கு." போய்ப் பார்த்தேன். நாடி நூல் போல இழைந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், யாரென்று தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. குனிந்து கேட்டேன். உப்பு என்றுதான் சொன்னாள்.

"சலைன் பாட்டில் எடுங்க. குளுக்கோஸும் கூட" என்றேன்.

அலமாரிக்குப் போன எஸ்தர் சிஸ்டர் திரும்பினார். "உப்புத் தண்ணியா? பெரிய டாக்டர் வந்தா என்ன பதில் சொல்ல?"

"என் பேரைச் சொல்லுங்க."

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நரம்பு அகப்படாமல் வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் கணுக்காலில் கொஞ்சம் அறுத்து நரம்பைத் தூக்கிக் குழாயைக் கட்டினோம். பாட்டில் இறங்க ஆரம்பித்ததும், விடியலில் பிடித்து வைத்திருந்த அவளுடைய சிறுநீரை எடுத்துக்கொண்டு பரிசோதனை அறைக்குப் போனேன்.

சோடியத்தை எண்ணாகச் சொல்லும் இயந்திரம் மலையில் ஏது? மதராஸில் இருந்தாலே பெரிது. ஆனால் உப்பின் போக்கைப் பார்க்க ஒரு எளிய வழி இருந்தது. கண்ணாடிக் குழாயில் பத்துச் சொட்டுச் சிறுநீர். சொட்டுக்குழலைச் சுத்தமான நீரில் அலசிவிட்டு, பொட்டாசியம் குரோமேட் ஒரு சொட்டு. குழாய் மஞ்சளாகும். மறுபடி அலசிவிட்டு, சில்வர் நைட்ரேட்டை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் நிலைக்கும் வரை. அதிகச் சொட்டு விழுந்தால் சிறுநீரில் அதிக உப்பு. உப்பே சாப்பிடாத, வாந்தி எடுத்து வற்றிப்போன ஒருவருக்கு முதல் சொட்டிலோ இரண்டாவதிலோ நிறம் மாறிவிட வேண்டும். உடம்பு கடைசிக் கல் உப்பையும் விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

ஒரு சொட்டு விட்டேன். மஞ்சள். இரண்டு. மஞ்சள். மூன்று, நான்கு, ஐந்து. மஞ்சளேதான். ஆறு. ஏழாவது சொட்டில்தான் செங்கல் நிறம் நின்றது.

ஏழு என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். எழுதும்போது எனக்கு வந்தது சந்தோஷமா, ஆத்திரமா, தெரியாது. தூக்குச்சட்டி உள்ளே வந்தே நாளாகிவிட்டது. ஒரு பருக்கை உப்பு உள்ளே போகாத உடம்பிலிருந்து உப்பு இப்படிக் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்று நாங்கள் தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்தியிருந்தோம், அதுவும் வைத்தியம் என்ற பெயரில்.

சலைன் அவளைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். ஆனால் ஓட்டையை அடைக்க, அந்தச் சுரப்பிகள் சுரக்க வேண்டியதற்கு ஈடான கார்ட்டிசோன் மருந்து வேண்டும். எங்கள் மருந்து அலமாரியில் இல்லை. கடைத்தெருவில் இல்லை. யோசித்தபோது வேலுச்சாமி ஞாபகத்துக்கு வந்தார். பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர். மலைவாழைப் பழம் வாங்குவதற்காகப் பண்ணைக்காட்டில் தோட்டத்து வீட்டில் தங்குவார். ஆஸ்துமா இழுப்பு உள்ளவர். மற்ற மருந்து எதற்கும் அடங்காத இழுப்புக்கு மதராஸிலிருந்து கார்ட்டிசோன் மாத்திரை வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் காட்டியிருக்கிறார்.

வெளியே மரத்தடியில் காதர் பாய் நின்றிருந்தார். உள்ளே விடாவிட்டாலும் தினமும் வந்து அங்கேதான் நிற்பார். விஷயத்தைச் சொன்னேன். ஏதும் கேட்காமல் ஓடினார். யாருடைய ஜீப்பையோ பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மதியத்துக்கு மேல் மஞ்சு மூடுபனியாக வாசல் வரை இறங்கிவிட்டது. ஜீப் சத்தம் கேட்டு ஓடினேன். காதர் பாய்க்குப் பின்னால், மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூச்சு இழுக்க இழுக்க வேலுச்சாமியே இறங்கினார்.

"நீங்க எதுக்குங்க இந்தக் குளிர்ல வந்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

"இவரு இருக்குற பதட்டத்துல பாட்டில வழியில ஒடச்சுப்புடுவாருன்னு நானே மடியில வச்சுக் கொண்டாந்தேன். இந்தாங்க, பூராம் எடுத்துக்கங்க."

"பூராம் வேண்டாம். நீங்களும் இதைத் திடீர்னு நிறுத்தக்கூடாது. பாதி குடுங்க, மதராஸ்ல இருந்து வந்ததும் திருப்பித் தர்றேன்."

"அத அப்பறம் பாப்போம். மொதல்ல உள்ள போங்க. அந்தப் புள்ளயப் பாருங்க."

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்தோம். அதற்குள் சலைன் அவளை வாந்தி எடுக்காத அளவுக்குக் கொண்டு வந்திருந்தது. எஸ்தர் சிஸ்டர் கரண்டி கரண்டியாக ஊட்டினார். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே மைமூன் கண்ணைத் திறந்து, "அவுக வந்திருக்காகளா?" என்று கேட்டாள். காதர் பாயை உள்ளே விட்டேன். ருக்கையாம்மாளையும் விட்டேன். சமையலறையிலிருந்து உப்புப் போட்ட கஞ்சி வரவழைத்தேன். அவள் அதைக் குடித்த விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக.

பெரிய டாக்டர் திரும்பி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் முன்னாலேயே அன்றைய சிறுநீரில் பரிசோதனையைத் திரும்பச் செய்து காட்டினேன். நேராகப் போய், அவள் ஈறுகளைப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். முதன்முறையாக அந்தக் கட்டிலருகே வெகுநேரம் நின்றார். "குட்" என்றார். ஒரே வார்த்தை. அன்று நான் அவரை மதித்தேன். தவறை ஏற்கத் தெரிந்தவர் என்று நினைத்தேன். நான் எவ்வளவு அப்பாவி!

மைமூன் வீட்டுக்குப் போகத் தயாராக இருந்த வாரத்தில் வெளியூர் டாக்டர்கள் சிலர் மருத்துவமனையைப் பார்க்க வந்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களும் ஒரு வெள்ளைக்காரரும். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பெரிய டாக்டர் அவர்களை நேராக நாலாம் நம்பர் கட்டிலுக்கு அழைத்து வந்தார்.

"மிக அபூர்வமான நோய்" என்று ஆரம்பித்தார். "பழைய காசம், கறுப்பு, உப்பு மீது ஏக்கம். முதல் நாளே எனக்குச் சந்தேகம். சிறுநீர்ப் பரிசோதனையில் உறுதி செய்தோம்." மைமூனை வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கட்டையால் உதட்டை விலக்கி, ஈறுகளைக் காட்டினார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். உள்ளங்கையைப் புரட்டிக் காட்டினார். உப்பில்லாக் கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹிஸ்டீரியா இல்லை. விரட்டப்பட்ட ருக்கையாம்மாள் இல்லை. நான் எஸ்தர் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டையை வெளியே எடுத்ததும் மைமூன் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். "அய்யா, நான் வந்த நாள்ல இருந்து உப்பு உப்புன்னு கெஞ்சுனேன். இவருதான் குடுக்கக்கூடாதுன்னாரு. என் மாமியார வெரட்டி விட்டாரு. நான் சாகக் கெடந்தேன். அதையும் சேத்துச் சொல்லுங்க."

வெள்ளைக்கார டாக்டர் ஆர்வமாகத் திரும்பி, "அவள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

பெரிய டாக்டர் புன்னகை மாறாமல், "இந்த மருத்துவமனைக்கு நன்றி சொல்கிறாள்" என்றார்.

 செத்துப் பிழைத்த ஒருத்தி வாய் திறந்து சொன்ன சொல்லை, அவள் கண் முன்னாலேயே, அவளுக்குப் புரியாத மொழியில் திருடுகிறார். உப்பைப் பறித்தது அறியாமை என்று சமாதானம் சொல்லலாம். இது அறியாமையா?

"இல்லை சார்" என்றேன். ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி. "அவள் அப்படிச் சொல்லவில்லை." அவள் சொன்னதை வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தேன். எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை. பிறகு தமிழில் மைமூனிடம், "நீ சொன்னதை அப்படியே சொல்லிட்டேன்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள்.  வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளைக்காரர் மட்டும் மைமூனைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் உட்காரச் சொல்லவில்லை. "நீங்கள் கெட்டிக்காரர். ஆனால் ஒழுங்கு தெரியாதவர். ஒழுங்கு தெரியாதவர்கள் என்னோடு வேலை செய்ய முடியாது" என்றார்.

"அவள் சொன்னதில் எது பொய், சார்?" என்று கேட்டேன்.

"அதுவல்ல கேள்வி."

"எனக்கு அதுதான் கேள்வி."

அவர் வெந்நீர்க் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த வாரமே பெட்டியைக் கட்டினேன். பஸ் ஏறும் இடத்துக்கு எஸ்தர் சிஸ்டர் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மூணு புள்ளைக டாக்டர். அதான் வாயத் தொறக்கல" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாயைத் திறந்தால் பிழைப்புப் போய்விடும் என்று அவரை நினைக்க வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

பழனிக்கு வந்து சின்னதாக மருத்துவமனை தொடங்கினேன். வேலுச்சாமிதான் கடைக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக் கொடுத்தார். மைமூன் மாதம் தவறாமல் வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வருவாள். சில சமயம் கணவரோடு, சில சமயம் மாமியாரோடு. கார்ட்டிசோன் மாத்திரை, உப்புக்கு அளவு, காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற விவரம், எல்லாவற்றையும் ஒரு டாக்டருக்குச் சொல்வது போல அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்ததால்தான் நெடுங்காலம் இருந்தாள். நிறமும் ஓரளவு திரும்பியது. கடையில் கணக்கு அவள்தான் பார்த்தாள்.

முதல் தடவை வந்தபோது அவள் சொன்னது இது. "டாக்டரம்மா, சங்கதி தெரியுமா? இப்ப அங்கன எல்லாக் கட்டிலுக்கும் உப்புக் கஞ்சிதான்."

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது. "ஏன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னாகளே. பெரிய டாக்டரு நோயாளிக படுற பாட்டப் பாத்து மனசு எறங்கி, தானே உப்புப் போடச் சொல்லிட்டாராம். எங்க தெருவுல இருந்து ஒரு பாட்டையா போய்ப் படுத்துட்டு வந்தாரு. அவரு கையெடுத்துக் கும்புடுறாரு, என்னா தங்கமான மனுசன்னு."

"நீ சொல்லலையா, உன்னாலதான்னு?"

"சொன்னேன். நம்பல" என்று மைமூன் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. இதை எழுதும்போதும் சிரிப்பு வரவில்லை.